பூங்கோதையின் நூலகமும் செம்பியனின் காவலும்

ஒரு காட்டில், குழந்தைகளே, நூலகம் ஒன்று இருந்தது. காட்டில் ஏது நூலகம் என்று கேட்பீர்கள். வேட்டையாட வந்து தங்கிய மனிதர்கள், வேட்டை அலுத்துப் போனதும் தங்கள் ஓய்வு மாளிகையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கூரை இருந்தது. கண்ணாடி போட்ட ஜன்னல்கள் இருந்தன. அலமாரிகளும் அவை நிறையப் புத்தகங்களும் இருந்தன.

காட்டு மன்றம் கூடியது. "இனி இது எல்லோருக்கும் பொது நூலகம்" என்று அறிவித்தது. எல்லோரும் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

போகாமல் நின்றது ஒரு முள்ளம்பன்றி மட்டும்தான். அவள் பெயர் பூங்கோதை. பெயர் வைத்தபோது அவளுக்கு முள் முளைத்திருக்கவில்லை. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பூங்கோதைக்குப் புத்தகங்கள் என்றால் உயிர். அதைவிட உயிர் அமைதி. ஈ பறக்கும் ஓசை கேட்டால்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு ஈயைப் பார்ப்பாள். இப்படிப்பட்டவளைவிடப் பொருத்தமான நூலகர் யார் இருக்க முடியும் என்று மன்றத்தார் சொன்னார்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

காலை நேரத்தில் நூலகம் அவள் மனம்போலவே இருக்கும். புள்ளிமான் தன் குட்டியோடு வந்து படம் பார்க்கும். அணில் ஒரு மூலையில் கதைப் புத்தகம் படிக்கும். வரலாற்று அலமாரிக்குப் பின்னால் கரடியார் உட்கார்ந்திருப்பார். அங்கே தரை குளிர்ச்சியாக இருக்கும். எப்போது போய்ப் பார்த்தாலும் அவர் மடியில் ஒரே புத்தகம், ஒரே பக்கம். 'எவ்வளவு ஆழ்ந்து படிக்கிறார்' என்று பூங்கோதை வியப்பாள்.

மதியம் தாண்டியதும்தான் வினை வரும். மூன்று விடலைகள் வருவார்கள்.

முதலில் வருவது அல்லி என்னும் மந்தி. யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அவளால் சும்மா இருக்க முடியாது. பின்னால் வருவது பரணி. அவன் காட்டுப்பன்றி. போன மழைக்காலத்தில்தான் திடீரென்று வளர்ந்தான். தன் உடம்பு எங்கே முடிகிறது என்று அவனுக்கே இன்னும் பிடிபடவில்லை. திரும்பினால் ஏதாவது ஒன்று விழும். மூன்றாவது சொக்கன் என்னும் நரி. அவன் புத்தகத்தைத் தொடவே மாட்டான். மற்றவர்கள் தலைகுனிந்து படிக்கத் தொடங்கிய அதே நொடியில், கூரையைப் பார்த்து ஓர் ஊளை விடுவான்.

"உஷ்" என்பாள் பூங்கோதை.

"உஷ்" என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு சத்தம் இரட்டிப்பாகும்.

பூங்கோதை ஒரு பலகை எடுத்து, "சத்தம் போடக் கூடாது" என்று எழுதி வாசலில் மாட்டினாள். மறுநாள், "ஓடக் கூடாது" என்று அதன் கீழே எழுதினாள். பிறகு, "தின்னக் கூடாது." பிறகு, "அலமாரி மேல் ஏறக் கூடாது."

அல்லி பலகையை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தாள். உள்ளே வந்து உத்தரத்தில் வாலைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கினாள்.

"இறங்கு கீழே" என்றாள் பூங்கோதை.

"தொங்கக் கூடாது என்று எழுதவில்லையே, அம்மா."

மறுநாள் அதுவும் எழுதப்பட்டது. அல்லி ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தாள். அதற்கு மறுநாள், "வாய்விட்டுப் படிக்கக் கூடாது" என்று பூங்கோதை எழுதினாள். அந்த வரியை எழுதும்போது அவளுக்கு ஒரு தனி நிறைவு. இனி இவர்கள் என்ன செய்வார்கள், பார்க்கலாம்.

என்ன செய்தார்கள் தெரியுமா? பலகையில் எழுதாதது இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே தினமும் வந்தார்கள். காட்டில் அந்தப் பலகையை அவ்வளவு அக்கறையோடு படித்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கடைசியில் பலகை நிறைந்ததால் அவள் பெரிய பலகைக்கு மாற்றினாள்; அது வாசல் மேலிருந்த 'நூலகம்' என்ற பெயரை மறைத்துக்கொண்டு தொங்கியது.

ஒருநாள் பரணி, அல்லி வீசிய கிழங்கைப் பிடிக்கப் பின்னோக்கி நகர்ந்தான். அவன் முதுகு பெரிய அலமாரியில் மோதியது. அலமாரி அசைந்தது, யோசித்தது, பிறகு விழுந்தது. மான்குட்டி துள்ளி விலகியிராவிட்டால் அதன் கால் போயிருக்கும். தாய்மான் குட்டியை அழைத்துக்கொண்டு வெளியே போனது.

பூங்கோதை சிதறிக் கிடந்த புத்தகங்களின் நடுவே நின்றாள். கோபம் எழுந்தது. முதுகில் ஒரு முள் எழுந்தது. அடுத்து எல்லா முட்களும் எழுந்தன. அவள் மூவரையும் பார்த்தாள்.

அவர்கள் முகத்தில் பயம்தான் இருந்தது. பரணி அழும் நிலையில் இருந்தான். ஆனால் அவள் முட்களைப் பார்த்ததும் சொக்கன் வாயைப் பொத்திக்கொண்டான். அல்லி அவனைக் கிள்ளினாள். அப்புறம் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

அலமாரி விழுந்ததைவிட அந்தச் சிரிப்புதான் பூங்கோதைக்கு வலித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

சத்தத்தில் கண்விழித்த கரடியார் அலமாரிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"இப்படி இருந்தால் எப்படி அம்மா படிப்பது? அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் இந்த வயதில் பெரியவர்களைக் கண்டால் மரத்தில் ஏறிக்கொள்வோம்."

"நான் என்ன செய்யட்டும், ஐயா? எழுதிப் போட்டாயிற்று. சொல்லியும் பார்த்தாயிற்று."

"எழுதினால் போதுமா? நடத்திக்காட்ட ஆள் வேண்டும். செம்பியன் என்று எனக்குத் தெரிந்த ஒரு செந்நாய் இருக்கிறான். சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டும்தான் செய்வான்."

கரடியார் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். பூங்கோதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையே செம்பியன் வந்துவிட்டான். வால் நேராக இருந்தது. காதுகள் நேராக இருந்தன. பேச்சும் நேராகத்தான் இருந்தது.

"கட்டளை என்ன, அம்மா?"

"சத்தம் போடுகிறவர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, தம்பி."

"யாருமா?"

"யாரும்தான்."

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்" என்றாள் பூங்கோதை. அப்படிச் சொல்லும்போது அவள் மனக்கண் முன் மூன்றே மூன்று முகங்கள்தான் இருந்தன.

மதியம் விடலைகள் வந்தார்கள். சொக்கன் ஊளைக்கு வாயைத் திறந்தான். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் செம்பியன் குரைத்துக்கொண்டு பாய்ந்தான். மூவரும் ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் சிதறி ஓடினார்கள். ஓடும்போது அல்லியின் கக்கத்தில் ஒரு புத்தகம் இருந்ததைப் பூங்கோதை கவனித்தாள்.

"திருட்டுப் புத்தி வேறு" என்று முணுமுணுத்தாள். அலமாரியில் அந்த இடம் பல் விழுந்த வாய்போல இருந்தது. ஆனாலும் அன்று மாலை அவள் அனுபவித்த அமைதி இருக்கிறதே, அது தேன். ஒரு புத்தகத்துக்கு அந்த விலை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து அணில் போனது. படித்துக்கொண்டே கொட்டை உடைத்தது. 'டக்' என்ற ஒரு சத்தம்தான். செம்பியன் பாய்ந்தான்.

"பாவம், அணில் நல்ல பிள்ளை" என்றாள் பூங்கோதை.

"கட்டளையில் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று இல்லையே, அம்மா" என்றான் செம்பியன்.

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதனால் அவள் தன் புத்தகத்துக்குத் திரும்பினாள். மனம் ஆறித் திரும்பி வந்த புள்ளிமான் கல்தரையில் நடந்தபோது குளம்பு ஒலித்தது. மானும் குட்டியும் போனார்கள். பூங்கோதை அதற்கும் தலையை நிமிர்த்தவில்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்குதான்.

மற்ற எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு, வரலாற்று அலமாரிக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கூழாங்கற்களை யாரோ மூட்டையில் போட்டு இழுப்பதுபோல் இருந்தது. செம்பியன் காதைக் கூராக்கிக்கொண்டு போனான். கரடியாரை அவருடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"டேய், உன்னை இங்கே வைத்ததே நான்தான்."

"சத்தம் போட்டீர்கள், ஐயா."

"நான் படித்துக்கொண்டிருந்தேன்."

"கண்ணை மூடிக்கொண்டா?"

அப்போதுதான் பூங்கோதைக்கு அந்த ஒரே பக்கத்தின் ரகசியம் விளங்கியது. கரடியாரின் மடியிலிருந்து விரித்த வாக்கிலேயே நழுவிக் கிடந்த புத்தகத்தைப் போய்ப் பார்த்தாள். அது தலைகீழாக இருந்திருக்கிறது.

கரடியார் வெளியே தள்ளப்பட்டதும் நூலகத்தில் முழு அமைதி வந்தது. பூங்கோதை நாற்காலியில் அமர்ந்து, ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்த புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கம் படித்தாள். நல்ல பக்கம். யாரிடமாவது சொல்லலாமே என்று தலை நிமிர்ந்தாள். வாசலில் செம்பியனின் முதுகு தெரிந்தது. அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

இப்படியே நாட்கள் ஓடின. ஒருநாள் மன்றத்திலிருந்து ஒரு காகம் வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. நூலகத்தில் சத்தம் கூடாது என்பதால் மெல்லிய குரலில் செய்தியைச் சொன்னது.

"நூலகத்துக்கு யாருமே வருவதில்லையாம். கரடியார் மன்றத்தில் சொன்னார். வரும் பௌர்ணமி முதல் இதைக் கிழங்கு வைக்கும் கிடங்காக மாற்றப் போகிறார்கள். அலமாரிகள் கிழங்கு அடுக்க வசதியாக இருக்கும் என்றும் அவர்தான் சொன்னார்."

"புத்தகங்கள்?"

"அடியில் விரித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள்."

காகம் பறந்துவிட்டது. பூங்கோதை எழுந்தாள். தன் புத்தகங்கள் மேல் ஈரமான கிழங்குகளா? அதுவும் அந்தக் கரடியார் சொல்லியா? முதுகில் ஒரு முள் எழுந்தது. பிறகு எல்லா முட்களும் எழுந்து ஒன்றோடொன்று உரசின.

செம்பியனின் காதுகள் நிமிர்ந்தன. அவன் உள்ளே வந்தான்.

"அம்மா, சத்தம்."

"நான் வாயே திறக்கவில்லையே."

"முதுகில். நானும் இத்தனை நாளாகக் கேட்டதில்லை. அண்டாவுக்குள் புளியங்கொட்டையைக் குலுக்கியதுபோல் இருக்கிறது."

"என்ன உளறுகிறாய்? நான் இந்த நூலகத்தின் நூலகர்."

"யாராக இருந்தாலும் என்று சொன்னது நீங்கள்தான்" என்றான் செம்பியன். பிறகு மரியாதையாக, ஆனால் மிகவும் உரக்க, குரைத்தான்.

பூங்கோதை தன் வாழ்நாளில் ஓடியதில்லை. அன்று ஓடினாள். வாசலுக்கு வெளியே, தன் கையால் எழுதிய பலகையின் அடியில் நின்று, "சரி, கட்டளையை மாற்றுகிறேன். நான் உள்ளே வரலாம்" என்றாள்.

"வெளியே இருப்பவர் போடும் கட்டளை உள்ளே செல்லாது, அம்மா. அப்படிப் பார்த்தால் அந்த மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கட்டளை போடுவார்கள்."

இதுவும் சரியாகத்தான் இருந்தது. செம்பியனிடம் அதுதான் தொல்லை.

நல்ல வெயில். பூங்கோதை ஆலமர நிழலுக்குப் போனாள். அங்கே தாய்மார்கள் தங்கள் குஞ்சுகுளுவான்களை விளையாட விட்டிருந்தார்கள். "இந்தப் பக்கம் வேண்டாம், பூங்கோதை. பிள்ளைகள் மேல் முள் குத்தும்" என்றார்கள். குளத்தங்கரைக்குப் போனாள். எருமைகள் சேற்றில் கிடந்தன. "மன்றத்துப் பெரியவர்கள் இளைப்பாறும் நேரம். அப்புறம் வா" என்றன. அவள் பாறைச் சரிவில் நின்று பார்த்தாள். இவ்வளவு பெரிய காட்டில், சும்மா உட்கார ஓர் இடம் இல்லை.

அப்படியே நடந்து வறண்ட ஓடைக்கு வந்தாள். பாறை இடுக்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. அல்லியின் குரல். அவள் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தாள்.

'என் புத்தகம்' என்று பூங்கோதை முன்னே பாய்ந்தாள். பாய்ந்தவள், பாறை ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

பரணி குப்புறப் படுத்திருந்தான். அவனைச் சுற்றி விழுவதற்கு எதுவும் இல்லை. அதனால் எதுவும் விழவில்லை. ஒரு கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லுவதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். சொக்கன் முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்திருந்தான். காதுகள் மட்டும் அல்லியின் பக்கம் நிமிர்ந்திருந்தன. இவன் இப்படி அசையாமல் இருந்து பூங்கோதை பார்த்ததே இல்லை.

கடலில் திசை தப்பிய ஒரு கப்பலின் கதை அது. குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. மாலுமிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பாய்மரத்துக் கயிற்றை ஒருவன் இருட்டில் அறுத்துக்கொண்டிருக்கிறான். அவன் யார் என்று தலைவன் விளக்கைத் தூக்கிப் பார்க்கிறான்.

"அவ்வளவுதான்" என்று அல்லி புத்தகத்தை மூடினாள்.

"அவ்வளவுதான் என்றால்?" என்றான் சொக்கன். "அறுத்தவன் யார்?"

"நேற்றும் இதையேதான் கேட்டாய். முதல் பாகம் இதோடு முடிகிறது. இரண்டாம் பாகத்தில்தான் இருக்கும்."

"அது எங்கே?"

"உள்ளே."

மூவரும் நூலகம் இருக்கும் பக்கம் பார்த்தார்கள்.

"ஜன்னலோர அலமாரி, மேல்தட்டு, பச்சை அட்டை" என்று ஒரு குரல் சொன்னது. அது தன்னுடைய குரல்தான் என்று பூங்கோதைக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

விடலைகள் துள்ளி எழுந்தார்கள். அல்லி புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஓடாதீர்கள்" என்றாள் பூங்கோதை. "என்னையும் வெளியே தள்ளிவிட்டான்."

"யார்? செம்பியனா? உங்களையா?"

"சத்தம் போட்டேனாம்."

அல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பரணி கிழங்கைக் கீழே போட்டான். சொக்கனால்தான் முதலில் அடக்க முடியவில்லை. மூவரும் மணலில் விழுந்து சிரித்தார்கள். பூங்கோதைக்குக் கோபம் வந்தது. முட்கள் எழுந்து உரசின.

"இதோ, இதுதான்" என்றான் சொக்கன்.

"எது?"

"இந்தச் சத்தம்தான், அம்மா. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கத்தினாலும் இதற்கு ஈடாகாது. நீங்கள் 'உஷ்' என்பீர்கள், முதுகில் மழை பெய்யும். யார் முதலில் பெய்ய வைக்கிறார்கள் என்று எங்களுக்குள் போட்டி."

அவள் முதன்முறையாகத் தன் முட்களின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டாள். அவர்கள் சொன்னது உண்மை. நூலகத்தில் இதுவரை எழுந்ததிலேயே பெரிய சத்தம் அதுதான். இத்தனை நாளாக அவள் நடத்தியது நூலகம் அல்ல, தினசரி மதியக் காட்சி.

"அன்றைக்கு அலமாரி விழுந்தபோது சிரித்தீர்களே, அதுவும் இதற்குத்தானா?"

"அன்றைக்குப் பயத்தில்தான் சிரித்தோம்" என்றான் பரணி. "நான் அந்த மான்குட்டி வீட்டுக்குப் போய், வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்துவிட்டேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை."

பூங்கோதை மணலில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "போட்டி மட்டும்தான் என்றால் வேறு எங்காவது போயிருக்கலாமே. ஏன் நூலகத்துக்கே வந்தீர்கள்?"

"வேறு எங்கே போவது?" என்றாள் அல்லி. "ஆலமரத்துக்குப் போனால், நீங்கள் பெரிய பிள்ளைகள், போங்கள் என்கிறார்கள். குளத்துக்குப் போனால், நீங்கள் சின்னப் பிள்ளைகள், போங்கள் என்கிறார்கள். நூலகத்தில் மட்டும்தான் வராதே என்று எழுதவில்லை. நான் தினமும் பலகையைப் பார்ப்பேன். அது ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை."

பூங்கோதை சொக்கனைப் பார்த்தாள். "இப்படி ஆசையாகக் கதை கேட்கிற நீ, ஒருநாளும் ஒரு புத்தகத்தைத் திறக்கவில்லையே. ஏன்?"

சொக்கன் மணலைக் கிளறத் தொடங்கினான்.

"அவனுக்கு எழுத்து சரியாக வராது" என்றாள் அல்லி, ரகசியம்போல. "நான் படித்தால் கேட்பான். உரக்கப் படிக்கக் கூடாது என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். அப்புறம் அவனுக்கு உள்ளே என்ன வேலை இருக்கிறது? எல்லோரும் குனிந்து படிக்கும்போது அவன் மட்டும் என்ன செய்வான்?"

அந்த வரியை எழுதியபோது தனக்கு உண்டான நிறைவு பூங்கோதையின் நினைவுக்கு வந்தது. அவள் தன் முட்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

கிழங்குக் கிடங்கு பற்றி அவர்களிடம் சொன்னாள். புத்தகங்களை அடியில் விரிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் பரணியின் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்படியானால் பச்சை அட்டையும் அடியில் போய்விடுமே" என்றான் சொக்கன்.

"நான் போய்ச் செம்பியனை மோதித் தள்ளிவிடுகிறேன்" என்றான் பரணி.

"நீ மோதினால் செம்பியன் விழுவான், வீடும் விழும்" என்றாள் அல்லி. அவள் வாலைச் சுருட்டிக்கொண்டு யோசித்தாள். "அவன் நம்மைத் துரத்தியபோது என்ன செய்தான்?"

"குரைத்தான்" என்றான் சொக்கன்.

"அம்மாவைத் துரத்தியபோது?"

"குரைத்தான்" என்றாள் பூங்கோதை. சொல்லி முடித்த பிறகு அவளும் அல்லியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நால்வரும் நூலகத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் புதருக்குப் பின்னால் நிற்க, அல்லி மட்டும் வாசலுக்குப் போனாள். படியில் ஏறாமல், அடக்கமாக நின்று, பஞ்சுபோன்ற குரலில் பேசினாள்.

"காவல்காரரே, தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். உள்ளே யாரோ ஓயாமல் சத்தம் போடுகிறார்கள். ஓடைவரை கேட்கிறது."

"என் காவலிலா?" என்றான் செம்பியன். "உள்ளே ஓர் உயிர் கிடையாது."

"அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். ஆனால் கேட்கிறதே. யாரோ குரைக்கிறார்கள்."

செம்பியனின் மயிர் சிலிர்த்தது. அவன் உள்ளே திரும்பி, "யாரது?" என்று குரைத்தான்.

வெறுமையாகக் கிடந்த கூடத்தின் சுவர்கள் அந்தக் குரைப்பைத் திருப்பி அனுப்பின.

"பார்த்தீர்களா?" என்றாள் அல்லி.

செம்பியன் குரைத்துக்கொண்டே பாய்ந்தான். குரைப்பு மாடிப்படியிலிருந்து வந்தது. மாடிப்படிக்கு ஓடினான். இப்போது ஜன்னல் பக்கமிருந்து வந்தது. ஜன்னலுக்கு ஓடினான். வரலாற்று அலமாரிக்குப் பின்னால் பார்த்தான். நாற்காலியைக் கவிழ்த்தான். மாளிகை கட்டிய நாள் முதல் அப்படி ஓர் இரைச்சலை அது கண்டதில்லை. கடைசியில் அவன் மூச்சு வாங்கி நின்றான். அவன் நின்றதும் சத்தமும் நின்றது.

செம்பியன் சுவரைப் பார்த்தான். ஒருமுறை, சின்னதாக, குரைத்துப் பார்த்தான். சுவரும் சின்னதாகக் குரைத்தது.

"கண்டுபிடித்தீர்களா?" என்று வாசலிலிருந்து அல்லி கேட்டாள்.

"கண்டுபிடித்துவிட்டேன்" என்றான் அவன், தணிந்த குரலில்.

அவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நேர்மையில் குறை சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டு, தன்னைத் தானே வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தான். படியிறங்கி வெளியே போய், சத்தம் போட்ட ஆள் மறுபடி உள்ளே நுழையாதபடி தன்னையே காவல் காத்து உட்கார்ந்தான்.

வெளியே இருப்பவரின் காவல் உள்ளே செல்லாது என்பதால் நால்வரும் அவனைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள்; அல்லி அம்புபோலப் பச்சை அட்டையிடம் போனாள்.

"பொறு" என்றாள் பூங்கோதை. அவள் பலகையைக் கழற்றி உள்ளே எடுத்து வந்து, மூவர் நடுவிலும் வைத்தாள். "இதில் எதை வைக்கலாம், எதை அழிக்கலாம்? சொல்லுங்கள். காரணத்தோடு சொல்ல வேண்டும்."

எல்லாவற்றையும் அழிப்பார்கள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். நடந்தது வேறு. 'தொங்கக் கூடாது' என்பது மட்டும் நீண்ட வாதத்துக்குப் பிறகு அழிந்தது. 'தின்னக் கூடாது' இருக்கட்டும் என்று பரணியே சொன்னான். பக்கங்களில் கிழங்கு ஒட்டினால் கதை போய்விடுமாம். பக்கத்தைக் கிழிப்பவரைக் குளத்தில் தூக்கிப் போட வேண்டும் என்று புதிதாக ஒன்றையும் சேர்க்கச் சொன்னான். கிழித்தவர் தாமே ஒட்டித் தந்தால் போதும் என்று அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் பூங்கோதைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. 'வாய்விட்டுப் படிக்கக் கூடாது' என்ற வரியை அவளே அழித்தாள். அந்த இடத்தில், "பின்பக்கத்து வராந்தாவில் உரக்கப் படிக்கலாம், பேசலாம், சிரிக்கலாம்" என்று எழுதினாள்.

பரணி அன்று தான் சாய்த்த அலமாரியை நிமிர்த்தி, எல்லா அலமாரிகளையும் சுவரோடு சேர்த்துக் கொடியால் கட்டினான். பிறகு மான் வீட்டுக்குப் போனான். இம்முறை வாசலில் திரும்பவில்லை. என்ன சொன்னான் என்று தெரியாது. குட்டியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் வந்தான்.

பௌர்ணமியன்று மன்றத்தார் கிடங்குக்கு அளவெடுக்க வந்தார்கள். கூடத்தில் அணிலும் இன்னும் சிலரும் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்து வராந்தாவில் நிற்க இடமில்லை. அல்லி இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் சொக்கன், அவள் விரல் நகரும் வரியையே பார்த்துக்கொண்டு, தெரிந்த சொல் வந்தால் தானும் சேர்ந்து முணுமுணுத்தான். செம்பியன் படியருகே இருந்தான். உள்ளே வா என்று பூங்கோதை அழைத்தபோது, "எந்தக் கட்டளைப்படி?" என்று கேட்டான். "கதை கேட்கலாம் என்ற கட்டளைப்படி" என்று அவள் சொன்னதும் நிம்மதியாக வந்து படுத்துக்கொண்டான்.

அளவெடுக்க வந்த எருமை, கயிற்றை அறுத்தவன் யார் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டது. "ஒரு நிமிடம், இது முடியட்டும்" என்று மற்றவர்களிடம் சொன்னது. அது முடியவில்லை. மன்றத்தார் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

கரடியாருக்கு மட்டும் பொறுக்கவில்லை. வரலாற்று அலமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்தார். சற்று நேரத்தில் சொக்கன் வந்து அவர் தோளை மெதுவாகத் தொட்டான்.

"ஐயா, குறட்டை வருகிறது. கூடத்தில் படிப்பவர்களுக்குத் தொந்தரவு. வராந்தாவுக்கு வந்துவிடுங்கள், அங்கே கேட்காது."

கரடியார் எழுந்து நேராகப் பூங்கோதையிடம் வந்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதுதான் கெடுதல், அம்மா. கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், ஒழுங்கு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்."

முறையிடுவதற்கு மன்றத்தாரைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். எருமை அவரைப் பார்க்காமலே நகர்ந்து இடம் விட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். கப்பலில் கடைசி மிடறு தண்ணீரை யாருக்குக் கொடுப்பது என்று மாலுமிகள் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூங்கோதை உள்ளிருந்து பார்த்தபோது, கரடியாரின் கண்கள் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன.

நீதி: பிள்ளைகள் ஏன் சத்தம் போடுகிறார்கள் என்று கேட்காமல் போடும் கட்டளை, போட்டவரையே ஒருநாள் வெளியே கொண்டுபோய் நிறுத்தும்.